லைவ் சர்வரில் வார் மாற்றினால் நாலாவது தடவை விழுகிறது: ஹாட் டெப்ளாய் வேண்டுமா, வேண்டாமா?

(ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் எழுதுபவரின் பெயருக்குப் பதில் அவர் இருக்கும் பெங்களூருப் பகுதி)

மார்ச் 4, செவ்வாய், காலை 10.20 · மாரத்தஹள்ளி

வைல்டுஃப்ளை 26 (ஜாவா அப்ளிகேஷன் சர்வர்), ஜாவா 11, நாலு நோடு (ஒரே ஆப் ஓடுற நாலு சர்வர்), பின்னால போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். வார் ஃபைலை (WAR, ஆப் முழுசையும் சுருட்டின ஜிப்) டெப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டா அதுவே ஏத்திக்குது, சர்வரை நிறுத்த வேண்டியதில்ல; இதுதான் ஹாட் டெப்ளாய். இதுக்குத்தானே அப்ளிகேஷன் சர்வர் வச்சிருக்கோம்? ஆனா நாலாவது தடவை மாத்தும்போது மெட்டாஸ்பேஸ் (ஜாவா க்ளாஸ்களை வைக்கிற மெமரி) தீர்ந்துபோச்சுன்னு விழுந்துடுது. 256 எம்பியை 512 ஆக்கினோம், இப்ப எட்டாவது தடவை விழுது. 1 ஜிபி ஆக்கிட்டா போதும்னு டீம்ல சொல்றாங்க. ரீஸ்டார்ட் பண்ணாம ஓட்ட வழி இருக்கா அண்ணா?

மார்ச் 4, காலை 11.05 · எலெக்ட்ரானிக் சிட்டி

1 ஜிபி ஆக்கினால் பதினாறாவது தடவை விழும். நீங்கள் சொன்ன எண்ணிலேயே பதில் இருக்கிறது தம்பி. 256 எம்பி கூட்டியதற்கு நாலு தடவைதான் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் சுமார் 64 எம்பி போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

வாரை இறக்கும்போது அதன் க்ளாஸ்லோடர் (வாரின் க்ளாஸ்களை ஏற்றி வைத்திருக்கும் பொருள்) முழுசாக விடுபட்டால்தான் மெட்டாஸ்பேஸ் காலியாகும். ஒரே ஒரு த்ரெட், ஒரே ஒரு ஸ்டாட்டிக் லிஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் பழைய வாரின் அத்தனை க்ளாஸும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பொருள்தான், தங்கிப்போவது மொத்த வார்.

ப்ரொடக்‌ஷனில் ஹாட் டெப்ளாய் வேண்டாம் என்பதே என் பதில். ஒரு நோடை லோடு பேலன்சரிலிருந்து (வருகிறவர்களை நோடுகளுக்குப் பிரித்து அனுப்புவது) எடுங்கள், ப்ராசஸை நிறுத்துங்கள், புது வாரோடு எழுப்புங்கள், ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேருங்கள், பிறகு அடுத்த நோடு. நாலு நோடு வைத்திருப்பதே இதற்காகத்தான். டெவலப்பர் மெஷினில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஹாட் டெப்ளாய் செய்யுங்கள், அங்கே அது வரப்பிரசாதம்.

மார்ச் 4, மதியம் 12.40 · பெல்லந்தூர்

முழுசா ஒத்துக்க மாட்டேன். வெப்லாஜிக்ல (இன்னொரு அப்ளிகேஷன் சர்வர்) பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் ஒரே சர்வர்ல பக்கத்துப் பக்கத்துல ஓடும். பழைய செஷன் பழையதுலயே முடியும், புதுசா வர்றவங்க புதுசுக்குப் போவாங்க, பழையது காலியானதும் தானா ஓய்வு எடுத்துக்கும். இதை ப்ரொடக்‌ஷன் ரீடெப்ளாய்மென்ட்னே பேர் வச்சுத்தான் கொடுத்திருக்காங்க. சர்வரை நிறுத்தாம வருஷக்கணக்கா ஓட்டுற இடங்கள் உண்டு.

மார்ச் 4, மதியம் 1.15 · எலெக்ட்ரானிக் சிட்டி

சரிதான், அதை விட்டுவிட்டேன். அந்த வசதி நிஜமாகவே நல்லது, மானிஃபெஸ்ட்டில் வெர்ஷன் ஒழுங்காகப் போட்டால் வேலை செய்யும். ஆனால் ஓய்வு எடுத்த வெர்ஷனின் க்ளாஸ்லோடரை உங்கள் த்ரெட் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயும் இதே கசிவுதான். கசிவை வெப்லாஜிக்கோ வைல்டுஃப்ளையோ உண்டாக்குவதில்லை, வாருக்குள் இருக்கிற ப்ரோகிராம் கோடுதான் உண்டாக்குகிறது. ஆகவே ‘வேண்டாம்’ என்று சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறேன்: கசிவு இல்லை என்று அளந்து பார்க்காத வாருக்கு வேண்டாம்.

மார்ச் 4, மாலை 6.30 · எலெக்ட்ரானிக் சிட்டி

அளப்பது எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டவருக்காக.

டெஸ்ட் சர்வரில் அதே வாரை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். கடைசியில் வார் ஏறி நிற்கட்டும். ஜேசிஎம்டி (ஜாவாவோடு வரும் கருவி) வைத்து முழு ஜிசி (வேண்டாத பொருள்களைத் துடைப்பது) ஒன்று ஓட்டிவிட்டு ஹீப் டம்ப் (மெமரியின் நகல்) எடுங்கள். எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, ‘மாட்யூல்க்ளாஸ்லோடர்’ என்று தேடி, உங்கள் வார் பெயர் தாங்கியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று இருந்தால் சுத்தம். மூன்று இருந்தால் இரண்டு பிணம். பழையது ஒன்றின் மேல் வலது க்ளிக் செய்து, ஜிசி ரூட் (ஜிசி துடைக்காத ஆரம்பப் புள்ளி) வரைக்குமான பாதையைக் கேளுங்கள். வீக், சாஃப்ட் ரெஃபரன்ஸ்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நூறு பாதை காட்டிக் குழப்பும். பெரும்பாலும் ஒரே பாதைதான் மிஞ்சும், அதன் நுனியில் இருப்பவர்தான் ஆள்.

அடிக்கடி மாட்டுகிறவர்கள் மூன்று பேர்.

வாருக்குள்ளேயே உண்டாக்கி, நிறுத்தாமல் விட்ட எக்ஸிக்யூட்டர் (த்ரெட் கூட்டத்தை நடத்துவது) அல்லது டைமர் த்ரெட். கான்டெக்ஸ்ட் அழியும்போது ஓடும் லிசனரில் ஷட்டவுன் கூப்பிட வேண்டும். அதைவிட மேல், சர்வர் தருகிற மேனேஜ்டு எக்ஸிக்யூட்டரையே வாங்கிக்கொள்வது.

வாரின் லிப் ஃபோல்டருக்குள் கிடக்கிற ஜேடிபிசி டிரைவர் (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைப்பது). ஜாவாவின் டிரைவர் மேனேஜர் அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு விடாது. மைஎஸ்க்யூஎல் டிரைவர் என்றால் கைவிடப்பட்ட கனெக்‌ஷன்களைத் துடைக்கத் தனியாக ஒரு த்ரெட்டும் ஓடும். டிரைவரை வாரிலிருந்து எடுத்து சர்வர் மாட்யூலாக வையுங்கள், அத்தோடு தீர்ந்தது.

த்ரெட்லோக்கல் (த்ரெட்டோடு ஒட்டி வைக்கும் மதிப்பு). ரிக்வெஸ்ட் த்ரெட்டுகள் சர்வருடையவை, வாரோடு சாகாது. அதில் நீங்கள் வைத்த பொருள் உங்கள் க்ளாஸ் என்றால் கதை முடிந்தது. ஃபைனலியில் ரிமூவ் போட்டே ஆக வேண்டும்.

மார்ச் 5, புதன், காலை 9.10 · ஹொரமாவு

டெப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டர் பற்றி ஒரு கேள்வி. வாரை காப்பி பண்ணிட்டு இருக்கும்போதே ஸ்கேனர் (அந்த ஃபோல்டரைக் கவனிக்கிறது) எடுத்துக்கிட்டா பாதி ஃபைல் ஏறிடாதா?

மார்ச் 5, காலை 9.50 · எலெக்ட்ரானிக் சிட்டி

சுருட்டிய வார் என்றால் பயமில்லை. ஸ்கேனர் 5 விநாடிக்கு ஒரு தடவை பார்க்கும், ஜிப் முழுசாக வராவிட்டால் ‘பென்டிங்’ மார்க்கர் போட்டுவிட்டுக் காத்திருக்கும். விரித்த ஃபோல்டராகப் போட்டால்தான் எது முழுசு என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் விரித்த ஃபோல்டரைத் தானாக ஏற்றும் வசதி முன்னிருப்பில் அணைத்தே இருக்கிறது. நாமாக ‘டூடெப்ளாய்’ மார்க்கர் வைத்தால்தான் ஏற்றும்.

ஆனாலும் ப்ரொடக்‌ஷனில் ஸ்கேனரையே அணைத்துவிட்டு சிஎல்ஐ (கமாண்ட் வரி) வழியாக ஏற்றுங்கள். ஃபோல்டரில் போட்டுவிட்டு ‘டெப்ளாய்ட்’ வருகிறதா, ‘ஃபெயில்டு’ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதுவது அருவருப்பான வேலை. சிஎல்ஐ வெற்றியா தோல்வியா என்று எக்ஸிட் கோடிலேயே சொல்லிவிடும்.

ஒரே வாரை இரண்டு வழியிலும் ஏற்றப் பார்க்காதீர்கள். சிஎல்ஐ வழியாகப் போனது டேட்டா ஃபோல்டருக்குள் ஹாஷ் பெயரில் உட்கார்ந்து, ஸ்டாண்டலோன் எக்ஸ்எம்எல்லிலும் (சர்வரின் அமைப்பு ஃபைல்) பதிவாகும். அப்புறம் யாராவது பழைய பழக்கத்தில் அதே பெயரை ஃபோல்டரில் போட்டால் ‘டூப்ளிகேட் ரிசோர்ஸ்’ என்று சண்டை போடும்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாண்டலோன் எக்ஸ்எம்எல்லைக் கையால் திருத்தினால், அடுத்து யாராவது கன்சோலில் எதையாவது மாற்றியதும் சர்வர் தன் நினைவில் இருப்பதை மேலே எழுதிவிடும். உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

மார்ச் 5, மாலை 7.45 · மாரத்தஹள்ளி

ஸ்கேனரை அணைச்சாச்சு. இன்னைக்கு டெஸ்ட்ல ஒவ்வொரு நோடா ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். சஸ்பெண்ட் டைம்அவுட் 120 விநாடி கொடுத்திருக்கோம், ஓடுற ரிக்வெஸ்ட் முடியட்டும்னு. ஆனா ஒன்றரை நிமிஷத்துல ப்ராசஸ் படக்குனு செத்துடுது. லாக்ல ‘ஸ்டாப்ட்’ வரி கூட வரல.

மார்ச் 5, இரவு 8.20 · எலெக்ட்ரானிக் சிட்டி

ஒன்றரை நிமிடம் என்பது சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பி நிறுத்துவது). நிறுத்தச் சொல்லி சிக்டெர்ம் அனுப்பிவிட்டு முன்னிருப்பாக 90 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் சிக்கில், அதாவது கட்டாயமாகக் கொல்வது. நீங்கள் 120 கொடுத்துக் காத்திருக்கிறீர்கள், அது அதற்கு முன்பே கழுத்தைப் பிடித்துவிடுகிறது. யூனிட் ஃபைலில் (சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைல்) நிறுத்தும் நேரத்தை 180 ஆக்குங்கள். வெளியே இருப்பவரின் பொறுமை எப்போதும் உள்ளே இருப்பவரின் பொறுமையைவிடக் கூட இருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் லோடு பேலன்சரிலிருந்து எடுப்பது, அப்புறம் சஸ்பெண்ட், அப்புறம் ஷட்டவுன். சஸ்பெண்ட் ஆன சர்வர் புதுசாக வருகிறவர்களுக்கு 503 (‘இப்போது சேவை இல்லை’) கொடுக்கும். பேலன்சர் அதற்குப் பிறகும் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த 503 நேராகப் பயனாளியின் திரைக்குப் போகும்.

யூனிட் ஃபைலைத் திறந்த கையோடு ஓப்பன் ஃபைல் வரம்பையும் அங்கேயே போட்டுவிடுங்கள். லிமிட்ஸ் கான்ஃபில் எழுதியதை சிஸ்டம்டி சர்வீஸ்கள் மதிப்பதில்லை. அது லாகின் செஷனுக்கு மட்டும்.

மார்ச் 6, வியாழன், காலை 8.30 · எலெக்ட்ரானிக் சிட்டி

சேர்ப்பதற்கு முன் ‘தொட்டுப் பார்ப்பது’ என்று சொல்லிவிட்டு எதைத் தொடுவது என்று சொல்லவில்லை. போர்ட் 8080 திறந்திருந்தால் சர்வர் எழுந்துவிட்டது, அவ்வளவுதான். வார் ஏறியதா, டேட்டாபேஸ் தொடுகிறதா என்று அது சொல்லாது. டேட்டாசோர்ஸ் பூலிலிருந்து (தயாராக வைத்த டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) ஒரு கனெக்‌ஷன் எடுத்து ‘செலக்ட் 1’ ஓட்டித் திருப்பிக் கொடுக்கும் ஒரு பக்கம் வாருக்குள் இருக்கட்டும். பேலன்சர் அதைத்தான் பார்க்க வேண்டும். பூலை 50 வைத்துக்கொள்ளுங்கள், முன்னிருப்பு 20 உங்கள் கூட்டத்துக்குப் போதாது.

மார்ச் 6, காலை 10.15 · ராஜாஜிநகர்

50 வேண்டாம் சார். போஸ்ட்கிரெஸ் முன்னிருப்பு 100 கனெக்‌ஷன். அதுல 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கினது, மிச்சம் 97. நாலு நோடு, ஆளுக்கு 50ன்னா 200. காலைல எல்லாம் நல்லா இருக்கும், ஏன்னா பூல் தேவைக்குத்தான் வளரும். பதினோரு மணி நெரிசல்ல நாலும் வளர்ந்ததும் புது கனெக்‌ஷனே கிடைக்காது.

மார்ச் 6, காலை 10.40 · எலெக்ட்ரானிக் சிட்டி

உண்மை. 50 என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், யாரும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நோடு எண்ணிக்கையைப் பூல் அளவால் பெருக்கி, அதோடு ரிப்போர்ட் ஜாப், பேக்கப், கையால் நுழைகிற டிபிஏ எல்லாரையும் கூட்டி, அது 97க்குள் நிற்க வேண்டும். நாலு நோடுக்கு முன்னிருப்பான 20 என்றால் 80, உள்ளே நிற்கிறது. ஆனால் பழைய நாலும் புது நாலும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி மாற்றினால் 160. அப்படிச் செய்கிறவர்கள் டேட்டாபேஸ் பக்கமும் பேசிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பூலை ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கனெக்‌ஷன் போதவில்லையா, திரும்பி வரவில்லையா? இரண்டுக்கும் லாகில் ஒரே செய்திதான் வரும்: ஐஜே000655, 30,000 மில்லிசெகண்ட் காத்திருந்தும் கனெக்‌ஷன் இல்லை. பிரித்துப் பார்ப்பது சுலபம். டேட்டாசோர்ஸ் புள்ளிவிவரத்தை ஆன் செய்யுங்கள், முன்னிருப்பில் அணைந்திருக்கும். இரவு 2 மணிக்கு ஆளே இல்லாதபோது ‘இன்யூஸ்’ எண்ணிக்கையைப் பாருங்கள். அப்போதும் 17, 18 என்று நின்றால் கசிவு. 0, 1 என்று இறங்கினால் நெரிசல் அல்லது மெதுவான க்வெரி.

கசிவு என்றால் கேஷ்டு கனெக்‌ஷன் மேனேஜரில் டீபக் போடுங்கள். மூடாமல் விட்ட கனெக்‌ஷனை அது தானே மூடி, ‘உங்களுக்காக மூடுகிறேன், இனி நீங்களே மூடுங்கள்’ என்கிற பொருளில் எச்சரித்து, கனெக்‌ஷன் எங்கே எடுக்கப்பட்டது என்ற ஸ்டாக்கையும் கொட்டும். அந்த ஸ்டாக்கில் உங்கள் பேக்கேஜ் பெயர் வரும் முதல் வரியில்தான் தப்பு. டெஸ்ட்டில் மட்டும் போடுங்கள், வேகத்தைத் தின்னும்.

மெதுவான க்வெரி என்றால் ஜேஸ்டாக் (த்ரெட்டுகள் எந்த வரியில் நிற்கின்றன என்று காட்டும் கருவி), 10 விநாடி இடைவெளியில் மூன்று தடவை. ஒரே தடவை எடுத்தது ஃபோட்டோ மாதிரி, நிற்கிறானா நடக்கிறானா தெரியாது. மூன்றிலும் ‘டிஃபால்ட் டாஸ்க்’ த்ரெட் ஒன்று அதே வரியில் நின்றால் அவன்தான்.

மார்ச் 6, மதியம் 2.30 · ஹொரமாவு

எங்களுக்கு தினமும் காலைல முதல் ஆள் மட்டும் மாட்டிக்கிறாரு. லாகின் பண்ணா பதினஞ்சு நிமிஷம் சுத்திட்டே இருக்கு, அப்புறம் எரர். ரெண்டாவது தடவை உடனே போகுது. ஆப் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல ஃபயர்வால் இருக்கு.

மார்ச் 6, மதியம் 3.05 · எலெக்ட்ரானிக் சிட்டி

பதினைந்து நிமிடம் என்று நீங்கள் சொன்னதே துப்பு. இரவெல்லாம் சும்மா கிடந்த கனெக்‌ஷனை ஃபயர்வால் சத்தமில்லாமல் மறந்துவிட்டது. இரண்டு முனைக்கும் சொல்லவில்லை. காலையில் பூல் அதை எடுத்துக் கொடுக்க, க்வெரி பாக்கெட் போய்க்கொண்டே இருக்கிறது, பதில் இல்லை. லினக்ஸ் முன்னிருப்பில் 15 தடவை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிடும், அதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும்.

பேக்ரவுண்டு வேலிடேஷனை (சும்மா கிடக்கும் கனெக்‌ஷன்களைப் பின்னணியில் சோதிப்பது) ஆன் செய்து, ஃபயர்வால் மறக்கும் நேரத்தைவிடக் குறைந்த இடைவெளி கொடுங்கள். ஃபயர்வாலின் எண்ணை நெட்வொர்க் டீமிடம் கேட்டு வாங்குங்கள், ஊகிக்க வேண்டாம். வேலிட் கனெக்‌ஷன் செக்கருக்கு போஸ்ட்கிரெஸுக்கான க்ளாஸைக் குறிப்பிடுங்கள். அதோடு டிரைவரின் சாக்கெட் டைம்அவுட் முன்னிருப்பில் 0, அதாவது என்றென்றும் காத்திருக்கும். உங்களுடைய மிக நீளமான நியாயமான க்வெரியைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒரு எண் கொடுங்கள்.

மார்ச் 7, வெள்ளி, காலை 11.00 · மாரத்தஹள்ளி

இன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்கு ப்ரொடக்‌ஷன் மாத்தலாம்னு மேனேஜர் சொல்றாரு.

மார்ச் 7, காலை 11.08 · எலெக்ட்ரானிக் சிட்டி

வேண்டாம். 9 மணிக்குள் டீமில் பாதிப் பேர் மடிவாளாவில் சேலம், மதுரை பஸ்ஸுக்கு நிற்பார்கள். 11 மணிக்கு எரர் வந்தால் ஓசூர் தாண்டி பஸ்ஸுக்குள் சிக்னல் தேடிக்கொண்டிருப்பார்கள். ஹாட் டெப்ளாய் கசிவு ஏறியதும் தெரியாது, கனெக்‌ஷன் கசிவும் அப்படித்தான், மணிக்கணக்கில் சேர்ந்துதான் விழும். மாற்றியவர் மறுநாள் மதியம் வரை பக்கத்தில் இருக்க வேண்டும். செவ்வாய் அல்லது புதன் வையுங்கள்.

மார்ச் 7, மதியம் 12.20 · பெல்லந்தூர்

ஒவ்வொரு நோடா மாத்துறதுல யாரும் சொல்லாத ஒண்ணு: அந்த ஒரு மணி நேரம் பழைய கோடும் புது கோடும் ஒரே டேட்டாபேஸ்ல ஓடும். டேபிள்ல காலம் (column) பேரை மாத்துற மைக்ரேஷனை வாரோட அனுப்பினா, முதல் நோடு எழுந்த நிமிஷம் மத்த மூணும் செத்துடும். புது காலத்தைச் சேர்க்கிறது ஒரு ரிலீஸ், ரெண்டுலயும் எழுதுறது அதே ரிலீஸ், பழையதுல எழுதுறதை நிறுத்துறது அடுத்த ரிலீஸ், அதை நீக்குறது அதுக்கும் அடுத்த ரிலீஸ்.

செஷனும் அதே மாதிரி. செஷனைப் பிரதி எடுக்கிற க்ளஸ்டர்னா பழைய நோடு எழுதின பொருளைப் புது நோடு படிக்கும். க்ளாஸ் மாறியிருந்தா ‘இன்வேலிட் க்ளாஸ் எக்ஸெப்ஷன்’.

மார்ச் 7, மதியம் 1.00 · எலெக்ட்ரானிக் சிட்டி

இந்த இழையிலேயே முக்கியமான குறிப்பு இதுதான், நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். செஷனில் ஐடி, பெயர், மொழி மாதிரி எளிய மதிப்புகளை மட்டும் வையுங்கள். சீரியல் வெர்ஷன் எண்ணை நிலையாக வைத்தால் எக்ஸெப்ஷன் நிற்கும், ஆனால் புது ஃபீல்டு null ஆக, அதாவது காலியாக வரும். அது இன்னும் மோசம், வேறு எங்கோ போய் வெடிக்கும்.

நாலு நோடில் இன்னொரு பொறி, டைமர். ஈஜேபியின் (ஜாவாவின் சர்வர் பாகங்கள்) ஷெட்யூல் டைமர் முன்னிருப்பில் நிலைத்து நிற்கும் வகை. வைல்டுஃப்ளை அதை ஒவ்வொரு நோடிலும் தனித்தனி ஃபைலில் வைக்கும். ஆகவே நள்ளிரவு வட்டிக் கணக்கு நாலு தடவை ஓடும். நாலு நோடுக்கும் ஒரே டேட்டாபேஸ் ஸ்டோர், ஒரே பார்ட்டிஷன் பெயர் என்று மாற்றுங்கள். நேர மண்டலத்தையும் ஷெட்யூலிலேயே ‘ஏசியா/கொல்கத்தா’ என்று எழுதுங்கள். சர்வர் யூடிசியில் இருந்தால் நள்ளிரவு ஜாப் நம் ஊர் காலை 5.30க்கு ஓடும்.

மார்ச் 10, திங்கள், காலை 9.30 · ராஜாஜிநகர்

வைல்டுஃப்ளை 26 விட்டு மேல போறப்ப கோடுல இருக்கிற ‘ஜாவாக்ஸ்’ பேக்கேஜ் பேர் எல்லாத்தையும் ‘ஜகார்த்தா’ன்னு ஒரே கமாண்டுல மாத்திடலாமா?

மார்ச் 10, காலை 10.25 · எலெக்ட்ரானிக் சிட்டி

கூடாது. பேக்கேஜ் பெயர் மாறியது 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ (ஜாவா சர்வர் தரநிலைகளின் தொகுப்பு) 9இல். வைல்டுஃப்ளை 27 முதல் புதுப் பெயர் மட்டும்தான். ஆனால் ஜாவாக்ஸில் தொடங்குவது எல்லாம் ஈஈ இல்லை. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், ஈஜேபி போகும். எஸ்க்யூஎல், நேமிங், கிரிப்டோ, எஸ்எஸ்எல் ஜாவாவோடு ஒட்டியவை, அப்படியே இருக்கும். டிரான்ஸாக்‌ஷன் போகும், அதன் அடியில் இருக்கும் எக்ஸ்ஏ இருக்கும். அனோட்டேஷன் போகும், அனோட்டேஷன் ப்ராசசிங் இருக்கும். ஒரே கமாண்டில் மாற்றினால் இந்த இடங்களில் உடையும்.

இவையெல்லாம் கம்பைல் ஆகாது, ஆகவே தெரிந்துவிடும். தெரியாமல் போவது மேற்கோளுக்குள் இருப்பவை. க்வெரி டைம்அவுட் ஹின்ட்டின் பெயர் ‘ஜாவாக்ஸ் புள்ளி பெர்சிஸ்டன்ஸ்’ என்று தொடங்கும் ஒரு சரம். அதை மாற்றாமல் விட்டால் கம்பைல் ஆகும், டெப்ளாய் ஆகும், டைம்அவுட் மட்டும் வேலை செய்யாமல் போகலாம். சர்வ்லெட் எரர் பக்கத்தில் ஸ்டேட்டஸ் கோடு எடுக்கும் சரமும் அப்படியே, null ஆக வரும். மேற்கோளுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஜாவாக்ஸையும் தேடி எடுத்துக் கண்ணால் பாருங்கள். மூலக்கோடு இல்லாத பழைய ஜார்களுக்கு எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன், காலை 11.40 · மாரத்தஹள்ளி

செவ்வாய் மாத்திட்டோம், நாலு நோடும் ஒவ்வொண்ணா, 503 ஒண்ணு கூட இல்ல. ஹீப் டம்ப்பும் பார்த்தாச்சு. க்ளாஸ்லோடர் மூணு. பாதை நுனில ‘பூல்-3-த்ரெட்-1’னு ஒரு த்ரெட். அது யாருதுன்னே கண்டுபிடிக்க முடியல, கோடுல ஒன்பது இடத்துல எக்ஸிக்யூட்டர் இருக்கு.

மார்ச் 13, மதியம் 12.10 · எலெக்ட்ரானிக் சிட்டி

அந்த த்ரெட்டின் ஸ்டாக் க்யூவில் காத்திருப்பதையே காட்டும், உதவாது. க்யூவைத் திறந்து பாருங்கள், அடுத்து ஓட வேண்டிய டாஸ்க் அதற்குள் உட்கார்ந்திருக்கும், அதன் க்ளாஸ் பெயர் உங்களுடையதாக இருக்கும். கையோடு ஒன்பது இடத்திலும் த்ரெட் ஃபேக்டரி கொடுத்துப் பெயர் வையுங்கள்: ‘விலைப்பட்டியல்-புதுப்பிப்பு-1’, ‘எஸ்எம்எஸ்-அனுப்பி-2’ மாதிரி. அடுத்த டம்ப்பை வேறு யாராவது திறந்தாலும் முதல் வரியிலேயே ஆள் தெரிந்துவிடும்.